லேலண்ட் குடும்பத்து இரண்டு கார்கள்

ஓசூர் சிப்காட் பக்கம் குடியிருப்பவர்களுக்கு லேலண்ட் என்றால் ஷிப்ட், கம்பெனி பஸ், சம்பளத் தேதி. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசையில் நிற்கும் டிரைவருக்கோ அது அவர் ஓட்டும் லாரி. 1980இல் அசோக் லேலண்ட் இங்கே தொழிற்சாலை திறந்ததிலிருந்து அந்தப் பெயர் இந்த வட்டாரத்தின் சொந்தப் பெயர் போலவே ஆகிவிட்டது. ஆனால் லேலண்ட் என்பது இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ஒரு சிறு நகரம். 1896இல் அங்கே நீராவி வண்டி செய்யத் தொடங்கிய ஒரு கம்பெனி, பின்னாளில் லாரி, பஸ் என்று வளர்ந்து, கடைசியில் கார் கம்பெனிகளையும் வாங்கிப் போட்டது. அப்படி அதன் கைக்கு வந்த கார் பெயர்களில் இரண்டு ட்ரையம்ப், ரோவர்.

இந்த இரண்டு பெயர்களுக்கும் தமிழ்நாட்டோடு நேரடி உறவு உண்டு. ட்ரையம்ப் கம்பெனியின் ஒரு கார் 1961இல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று சென்னைக்குத் தெற்கே தயாரானது. ரோவர் கம்பெனியின் ஒரு கார் 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று அதே ஆலையிலிருந்து வெளியே வந்தது. பழைய கார்ப் பிரியர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினால் பேச்சு லேசில் முடியாது. சின்னக் கார், பெரிய கார், எளிமை, கம்பீரம், ஒன்று பிழைத்தது, மற்றது கம்பெனியையே கவிழ்த்தது. வேகத்தையும் மைலேஜையும் வைத்து ஒப்பிடுவதைவிட, இரண்டும் இங்கே வந்து சேர்ந்த வழியை வைத்து ஒப்பிட்டால் அதிகம் விளங்கும். அந்த வழியில் துரின், பெல்ஜியத்து நெடுஞ்சாலை, அமெரிக்காவின் விஸ்கான்சின், தென்துருவம் எல்லாம் குறுக்கிடுகின்றன. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

கதை 1948இல் தொடங்குகிறது. சுதந்திரம் வந்த மறு ஆண்டிலேயே சென்னையில் இரண்டு கார் முயற்சிகள் பிறந்தன. நேருவின் ஊக்கத்தோடு ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டித் தரத் தயாரானது. முதல் கார் 1949இல் வெளிவந்தது. யூனியன் கம்பெனி என்ற சென்னை கார் வியாபார நிறுவனம், கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியோடு சேர்ந்து ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தை அமைத்தது. அதன் ஆலை பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம். இரண்டு இடத்திலும் அன்று நடந்தது ஒரே வேலைதான்: கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பிரித்து, கணக்குப் பார்த்து, ஒன்றோடொன்று பூட்டுவது.

1953இல் மத்திய அரசு ஒரு கோடு கிழித்தது. பாகங்களை இங்கேயே செய்யத் திட்டம் வைத்திருக்கும் கம்பெனிகள் மட்டும் தொடரலாம். வெறுமனே பூட்டி விற்பவர்கள் கடையைக் கட்டலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டுப் போயின. எண்ணூரில் ஆஸ்டின் கார் ஓய்ந்து லேலண்ட் லாரி நிலைத்தது. 1955இல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. இன்று ஓசூரில் லாரி தயாராகிறதே, அதன் முன்னோர் வரிசையில் ஒரு சின்ன ஆங்கிலேயக் கார் இருக்கிறது என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். வண்டலூர் மட்டும் காரை விடவில்லை. வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென் என்று தொடர்ந்தது.

இங்கே கோவென்ட்ரிக்குப் போய்விட்டு வரவேண்டும். 1950களின் நடுவில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு ஒரு பெரிய சங்கடம். காரின் உடம்பை அச்சடித்துத் தரும் ஃபிஷர் அண்டு லட்லோ என்ற நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அந்தக் காலத்தில் நவீனக் கார் என்றால் சேசிஸ் தனி, உடம்பு தனி என்றில்லாமல் முழுக்க ஒரே கூடாக வெல்டிங் செய்யப்பட்ட கார். அதை அச்சடிக்கப் பெரிய ஆலை வேண்டும். அந்த ஆலை எதிராளியின் கையில். சிறு சிறு தகடுகளை அச்சடிக்கப் பல சிறிய பட்டறைகள்தான் மிச்சம். தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் வேறு வழியின்றிப் பழைய முறைக்கே திரும்பினார். கீழே ஒரு தனி சேசிஸ், மேலே துண்டு துண்டாகச் செய்து போல்ட்டு போட்டு முடுக்கிய உடம்பு.

தோற்றம் கொடுக்க ஆள் கிடைத்ததும் தற்செயல்தான். ஃபிரிஸ்கி என்ற மிகச் சிறிய காரோடு தொடர்புடைய ரேமண்ட் ஃபிளவர் என்பவர் வேறு வேலையாக ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு வந்தார். பேச்சுவாக்கில், துரின் நகரத்தில் தனக்குத் தெரிந்த ஒருவர் சில மாதத்திலேயே மாதிரிக் கார் செய்து தந்துவிடுவார் என்றார். ஆண்டுக்கணக்கில் வடிவமைப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கோவென்ட்ரிக்காரர்களுக்கு அது நம்ப முடியாத பேச்சு. அந்த ஒருவர் ஜியோவானி மிக்கெலோட்டி. அவர் வரைந்த கார்தான், ஸ்டாண்டர்டு கம்பெனி ட்ரையம்ப் என்ற பெயரில் விற்ற ஹெரால்டு. 1959 ஏப்ரலில் லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அதை அறிமுகப்படுத்தினார்கள்.

மிக்கெலோட்டியின் கை அதோடு நிற்கவில்லை. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 700 அவர் வரைந்தது. ஜப்பானில் ஹினோ கம்பெனிக்கு 1964இல் கான்டெஸா 1300 என்ற காரை வரைந்து கொடுத்தார். அந்த ஹினோ பிறகு கார்களை விட்டுவிட்டு லாரியிலேயே நிலைத்தது. 1980களில் அதன் எஞ்சின் தொழில்நுட்பத்தை வாங்கிய இந்தியக் கம்பெனி அசோக் லேலண்ட். ஹெரால்டை வரைந்த கையும் லேலண்ட் லாரியின் எஞ்சினும் இப்படி ஜப்பான் வழியாக ஒரு சுற்று சுற்றிச் சந்தித்துக்கொள்கின்றன.

ஹெரால்டு வெளிவந்த அதே 1959இல் சென்னையில் இன்னொரு பிறப்பு. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அவர் பெயர் சூட்டி எதிர்த்த ஏற்பாடுதான் இந்தியக் கார்களின் ஜாதகத்தை எழுதியது. எத்தனை கார் செய்யலாம், எந்தப் பாகத்தை வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம், எவ்வளவு அந்நியச் செலாவணி என்பதெல்லாம் டெல்லியில் தீர்மானமாயின. மூன்று கம்பெனிகள் மட்டும் மிஞ்சின. கல்கத்தா பக்கம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அம்பாசடர் ஆனது. பம்பாயில் ஃபியட் 1100. சென்னையில் ஸ்டாண்டர்டு. மூன்றுமே வேறு நாட்டில் பிறந்து இங்கே வளர்ந்த பிள்ளைகள்.

1961இல் ஹெரால்டு வண்டலூருக்கு வந்தபோதுதான் கோவென்ட்ரியின் பலவீனம் இங்கே பலமாக மாறியது. முழுக்கூடாக அச்சடித்த காரை இங்கே செய்ய வேண்டுமானால் ராட்சச அச்சு எந்திரங்களில் பணம் கொட்ட வேண்டும். ஹெரால்டுக்கு அது தேவையில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாக உள்நாட்டில் செய்யப் பழகலாம்; சேசிஸை அடியில் உருட்டிக்கொண்டுபோய் மேலே உடம்பை முடுக்கலாம். அச்சடிக்க ஆலை இல்லாத ஒரு கம்பெனியின் தவிப்பு, எந்திரங்கள் இல்லாத ஒரு நாட்டுக்குப் பொருத்தமான காராக அமைந்துவிட்டது. ஹெரால்டை வண்டலூரில் பூட்டத் தொடங்கிய அதே ஆண்டில் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனியை லேலண்ட் வாங்கியது. எண்ணூர் லாரியும் வண்டலூர் காரும் கடல் தாண்டி ஒரே முதலாளிக்கு உறவானது அப்போதுதான்.

ஹெரால்டின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கிகள். இரண்டையும் விடுவித்துவிட்டுப் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கினால், பானெட், மட்கார்டு, ஹெட்லைட் என்று காரின் முன்பாதி முழுவதுமே முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சின், ஸ்டியரிங், முன்பக்க சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் குனிய வேண்டாம். முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக் கழற்றலாம், கார்புரேட்டரைச் சுத்தம் செய்யலாம், வால்வு இடைவெளி பார்க்கலாம். 948 சிசி எஞ்சின் அதற்குள் சின்னதாக உட்கார்ந்திருக்கும். முன்சக்கரங்கள் வெகுவாகத் திரும்பும். 25 அடி அகலத்துக்குள் கார் முழு வட்டம் அடிக்கும். மாட்டுவண்டியும் ரிக்‌ஷாவும் நெருக்கும் கடைவீதியில் அது பெரிய வரம்.

குறையும் இருந்தது. பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அமைப்பு இங்கிலாந்தில் நவீனம் என்று பெயர் வாங்கியது. நம் ஊர்க் குண்டு குழியிலும் ஆள் ஏற்றும் வழக்கத்திலும் அது வாங்குபவர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. இன்னொன்று கதவு. ஆங்கிலேய ஹெரால்டுக்குப் பக்கத்துக்கு ஒரு கதவுதான். முன்சீட்டை மடக்கி, புடவையை ஒதுக்கி, பாட்டியம்மா பின்சீட்டுக்குள் புகுவது என்றால் கல்யாண வீட்டு வாசலில் ஒரு கூட்டமே நின்று உதவ வேண்டியிருக்கும்.

வண்டலூர் ஆலையின் நல்ல காலம் இந்த இடத்தில்தான் தெரிகிறது. இந்தியாவில் கார் வாங்குவது ஒரு ஆள் அல்ல, ஒரு குடும்பம் என்பதைப் புரிந்துகொண்டு, 1960களின் பிற்பகுதியில் அவர்கள் நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒன்று விற்பனைக்கு வந்ததே இல்லை. ஐந்து கதவு எஸ்டேட் வண்டியும் செய்தார்கள். 1971இல் இங்கிலாந்தில் ஹெரால்டு நின்றுபோனது. இங்கேயோ 1972இல் கெஸல் என்ற புதுப் பெயரில், முகத்தை மாற்றி, ஆடும் பின்சக்கர அமைப்பைக் கழற்றிவிட்டு உறுதியான ஒற்றை ஆக்ஸிலைப் போட்டு விற்றார்கள். 1977இல் கெஸல் நின்றபோது, உலகத்திலேயே ஹெரால்டு வம்சத்தின் கடைசிக் கார் தமிழ்நாட்டு மண்ணிலிருந்து வெளியேறியது. தாய்வீட்டில் நின்றுபோன வம்சம் புகுந்த வீட்டில் ஆறு ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருக்கிறது.

இப்போது இரண்டாவது கார். இதன் கதையை உடம்பு, எஞ்சின் என்று பிரித்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டும் வெவ்வேறு தலைமுறையில் பிறந்தவை.

முதலில் உடம்பு. 1967இல் ரோவர் கம்பெனியும் லேலண்ட் குடும்பத்தில் சேர்ந்தது. மறு ஆண்டு பி.எம்.சி.யும் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெருங்கூட்டு உருவானது. அதில் டேவிட் பாஷ் வடிவமைத்து 1976இல் வெளிவந்த கார் ரோவர் எஸ்.டி.1. பாஷின் மனதில் இருந்தது ஃபெராரி டேடோனா என்ற இத்தாலிய ஓட்டப்பந்தயக் குதிரை. நீண்ட தாழ்ந்த மூக்கு, பக்கவாட்டில் ஓடும் ஒற்றைக் கோடு, பின்னால் சரியும் கூரை எல்லாம் அதைப் பார்த்து வந்தவை. 1977ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது அதற்குக் கிடைத்தது.

அந்தக் காரின் உள்ளே ஒரு அருமையான சிக்கனம் உண்டு. ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள நாடுகளுக்கும் இடப்பக்கம் உள்ள நாடுகளுக்கும் தனித்தனி டேஷ்போர்டு அச்சடிப்பதற்குப் பதிலாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான டேஷ்போர்டு ஒன்றை வடித்தார்கள். வேகமானி முதலியவற்றை ஒரு தனிப் பெட்டிக்குள் வைத்து, ஓட்டுபவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மேலே உட்காரவைத்தார்கள். ஸ்டியரிங் கம்பி நுழைய வேண்டிய துளை, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குக் காற்று வரும் ஜன்னலாகிவிடும். ஸ்டாண்டர்டு 2000இன் முன்சீட்டில் பயணியாக உட்கார்ந்து முகத்தில் காற்று வாங்கியவர்கள், அந்தக் காற்று வந்தது பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் ஸ்டியரிங் வைக்க விட்ட துளை வழியாக என்று அறிந்திருக்க மாட்டார்கள்.

இங்கிலாந்து எஸ்.டி.1இன் பெருமை அதன் 3.5 லிட்டர் வி8 எஞ்சின். அதுவும் நாடு விட்டு நாடு வந்ததுதான். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ப்யூக் கார்களுக்காக அலுமினியத்தில் செய்து, 1963இல் கைவிட்ட எஞ்சின் அது. ரோவர் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் வேறு வியாபாரமாக விஸ்கான்சினில் படகு எஞ்சின் செய்யும் மெர்க்குரி கம்பெனிக்குப் போனபோது, பட்டறைத் தரையில் கிடந்த அந்த எஞ்சினைப் பார்த்தார். 1965இல் உரிமையை வாங்கிக்கொண்டார். அமெரிக்கர் தூக்கிப்போட்டது ஆங்கிலேயரின் அடையாளமாகி, ரேஞ்ச் ரோவரிலும் எஸ்.டி.1இலும் ஓடியது. 155 குதிரைத்திறன் அந்தக் காருக்கு ஏற்ற நெஞ்சுரம்.

அந்த வி8 வண்டலூருக்கு வரவில்லை. வந்தது உடம்பு மட்டும். அதற்குள் வைத்த எஞ்சினின் கதை இன்னும் நெடியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கோவென்ட்ரியின் பேனர் லேன் என்ற இடத்தில், போர்விமான எஞ்சின்கள் செய்த ஆலை சும்மா கிடந்தது. அங்கே ஹாரி ஃபெர்குசனின் டிராக்டர்களைச் செய்து கொடுக்க ஸ்டாண்டர்டு கம்பெனி ஒப்புக்கொண்டது. 1947இல் அந்த டிராக்டருக்கும் வான்கார்டு காருக்கும் பொதுவாக ஒரு எஞ்சின் குடும்பத்தை உருவாக்கினார்கள். சிலிண்டர் லைனர்களைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். சுற்றிலும் தண்ணீர் ஓடும். முரட்டு உழைப்பாளி. அதே குடும்பத்து எஞ்சின் ட்ரையம்ப் டி.ஆர்.2 என்ற விளையாட்டுக் காரில் 1991 சிசியாக ஏறியது. 1953 மே மாதம், பெல்ஜியத்தின் ஜாபெக்கே நெடுஞ்சாலையில் மணிக்கு 124 மைலைத் தாண்டி ஓடியது. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரி தென்துருவத்தை அடைந்தது ஃபெர்குசன் டிராக்டர்களில். எவரெஸ்டில் ஏறிய மனிதரைப் பனிப்பாலைவனம் கடத்திய பெருமை அந்த டிராக்டருக்கு உண்டு. உழவு, ஓட்டப்பந்தயம், துருவம் மூன்றும் பார்த்த வம்சம் அது.

வான்கார்டு காலத்திலிருந்தே வண்டலூருக்குப் பழக்கமான அந்த வம்சத்து 1991 சிசி எஞ்சினைத்தான் 1985இல் ஸ்டாண்டர்டு 2000க்குள் வைத்தார்கள். சுமார் 83 குதிரைத்திறன், ஒற்றை கார்புரேட்டர், நாலு கியர். ஃபெராரியைப் பார்த்து வரைந்த உடம்புக்குள் டிராக்டரோடு பிறந்த எஞ்சின். கார் பார்வைக்குப் பறந்தது. சாலையில் மூச்சு வாங்கியது. சென்னையிலிருந்து வேலூர், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு போகும் சாலை, ஓசூரை நெருங்கும்போது மேடேறும். அப்படிப்பட்ட ஏற்றத்தில்தான் எடைக்கும் எஞ்சினுக்கும் உள்ள பொருத்தம் வெளிச்சமாகும்.

இந்தத் தவறு ஒரு கம்பெனியுடையது மட்டும் அல்ல, ஒரு காலத்துடையது. 1983 டிசம்பரில் குர்கானில் மாருதி 800 வந்துவிட்டது. சின்னது, சிக்கனமானது, சாவி போட்டதும் கிளம்புவது. பழைய கம்பெனிகள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம். ஐரோப்பாவில் காலம் முடிந்த கார்களின் அச்சுகளைத் தேடிப் போனார்கள். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாக்ஸ்ஹால் விக்டர் உடம்பை வாங்கி கான்டெஸா என்று விற்றது. தொடக்கத்தில் அதற்குள்ளும் அம்பாசடரின் பழைய எஞ்சின்தான். பம்பாய் பிரிமியர் கம்பெனி ஃபியட் 124இன் உடம்பில் 118என்இ செய்தது. ஆனால் அதற்கு ஜப்பானிய நிஸான் எஞ்சினை வைத்தது. கான்டெஸாவும் பிறகு ஜப்பானின் இசுஸு எஞ்சினுக்கு மாறித் தப்பித்தது. பக்கத்துப் பெங்களூருவில் சிபானி கம்பெனி, ஆங்கிலேய ரிலையன்ட் கிட்டன் என்ற ஃபைபர் காரை டால்ஃபின் ஆக்கியிருந்தது. 1990களில் அதே சிபானி ரோவர் கம்பெனியின் மாண்டிகோவையும் பூட்டி விற்றுப் பார்த்தது. எஞ்சினை மாற்றிக்கொண்டவை கொஞ்சம் தாக்குப் பிடித்தன. ஸ்டாண்டர்டு 2000 மாற்றிக்கொள்ளவில்லை. 1988இல் அதன் தயாரிப்பு நின்றது. அதோடு வண்டலூர் ஆலையின் கார் வரலாறும் முடிந்தது.

பயணம் அங்கே முடியவில்லை. ஆலைக்குள் இங்கிலாந்திலிருந்து வந்த எஸ்.டி.1 பாகங்கள் பயன்படாமல் கிடந்தன. இங்கிலாந்தில் ரோவர் கம்பெனி சிதறிப்போக, பழைய எஸ்.டி.1 வைத்திருந்தவர்கள் கதவுக்கும் கண்ணாடிக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். 2006இல் லிங்கன் நகரத்துப் பக்கம் உதிரி பாகக் கடை நடத்தும் ரிம்மர் பிரதர்ஸ், ஆலையில் மிஞ்சியிருந்த பாகங்களை மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். சென்னைக்கு வந்த இரும்பு திரும்ப ஊருக்குப் போய், ஆங்கிலேயரின் பழைய கார்களை ஓடவைக்கிறது. ரோவர் என்ற பெயரோ ஃபோர்டு வழியாக 2008இல் டாடாவிடம் வந்துவிட்டது. பொருள் மேற்கே போக, பெயர் கிழக்கே வந்தது.

இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: கடன் வாங்கியதில் எந்தக் குற்றமும் இல்லை. ஹெரால்டும் கடன்தான், 2000உம் கடன்தான். ஆங்கிலேயர்களே துரினிடமும் விஸ்கான்சினிடமும் கடன் வாங்கியவர்கள். வித்தியாசம், வாங்கியதைப் பிரித்துப் படித்தார்களா என்பதில். ஹெரால்டில் எது நமக்கு ஒத்துவரவில்லை என்று கவனித்துக் கதவைக் கூட்டினார்கள், ஆக்ஸிலை மாற்றினார்கள். அது பொறியாளரின் வேலை. 2000இல் கிடைத்த உடம்பையும் கிடைத்த எஞ்சினையும் சேர்த்தார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவில்லை.

ஓசூர் வட்டாரத்தின் தொழில் வரலாறும் இதே பாடத்தை நல்ல விதமாகச் சொல்கிறது. 1980இல் இரண்டு பேர் உட்காரும் டிவிஎஸ் 50 இங்கிருந்து கிளம்பியது. பிறகு ஜப்பானின் சுஸுகியோடு கூட்டு. 1984இல் 100 சிசி பைக். 2001இல் கூட்டு பிரிந்தபோது ஓசூர் தானே வடிவமைத்த விக்டர் என்ற பைக்கோடு நின்றது. கற்றுக்கொண்டதற்கு அதுதான் சான்று. 2020இல் நார்ட்டன் என்ற ஆங்கிலேய பைக் பெயரையே டிவிஎஸ் வாங்கியது. லேலண்ட் பக்கமும் இதே கதை. 1987இல் ஆங்கிலேயப் பங்கை ஹிந்துஜா குழுமமும் இத்தாலியின் இவெகோவும் வாங்கின. அதன் வழியாக, இங்கிலாந்தில் ஃபோர்டு வடிவமைத்த கார்கோ லாரி 1990களில் ஓசூரின் புதிய ஆலைக்கு வந்தது. டிரைவர்களே மரக் கேபின் கட்டிக்கொண்ட நாட்டில், ஆலையிலேயே பூட்டிய கேபினோடு லாரி கிடைக்கத் தொடங்கியது.

இன்றும் இந்தப் பயணம் கண்ணெதிரே நடக்கிறது. போச்சம்பள்ளி ஓலா ஆலையின் முதல் மின் ஸ்கூட்டர், அந்த நிறுவனம் 2020இல் வாங்கிய எடர்கோ என்ற டச்சுக் கம்பெனியின் வடிவிலிருந்து பிறந்தது. ஓசூரில் தயாராகும் ஏத்தர் ஸ்கூட்டரோ சென்னை ஐஐடியில் வளர்ந்த யோசனை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்ததும் அடையாறிலிருந்து வந்ததும் ஒரே மாவட்டத்தில், ஒரே சாலையில் போட்டி போடுகின்றன. எது நிலைக்கும் என்பதை அது எங்கே பிறந்தது என்பது தீர்மானிக்காது. நம் வெயில், நம் பாரம், நம் மெக்கானிக்கின் கை மூன்றுக்கும் யார் அதைத் திருத்தி அமைக்கிறார்களோ, அவர்கள் நிலைப்பார்கள்.

கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயரால் ஒரு கார் அருங்காட்சியகம் இருக்கிறது. லாரியும் பைக்கும் ஸ்கூட்டரும் செய்து உலகத்துக்கு அனுப்பும் ஓசூரிலும் அப்படி ஒன்று வரவேண்டும். சிப்காட்டில் அப்ரண்டிஸாகச் சேரும் பிள்ளைகள் அங்கே நான்கு கதவு ஹெரால்டின் முன்பாதியைத் தாங்களே தூக்கித் திறக்க வேண்டும். பக்கத்திலேயே நிற்கும் ஸ்டாண்டர்டு 2000இன் எஞ்சினை எட்டிப் பார்க்க வேண்டும். ஒரே ஆலை ஏன் ஒரு காரில் வென்று மறு காரில் தோற்றது என்பதை ஆசிரியர் சொல்லாமலே, ஸ்பேனர் பிடித்த அந்தக் கைகள் கண்டுபிடித்துவிடும்.